பதினாறு ஆம்ப்

ஐஸ் தட்டை இழுத்தேன்
பின்னாலேயே அதுவும் வந்தது.
தினத்தாளில் சுற்றி, பால் கவரில் போட்டு,
இரண்டு ரப்பர் பேண்ட்.
பிரித்தால் உள்ளங்கை அகலம், பெருவிரல் கனம்,
செங்கல்லாக இறுகிய மாட்டுக்கறி.
நெல்லித்தோப்புக் கடையின் சீட்டு ஒட்டியிருந்தது:
ஆகஸ்டு பதினான்கு.

ஜூலைக் கடைசியில்தான்
லெயோனியின் அக்கா குடும்பத்தோடு துலூஸ் போனாள்.

பதினோரு வருஷம் முன்னால்
வீட்டுச் சாவியோடு ஒரு சட்டமும் கொடுத்தேன்:
மீன் வரலாம், முட்டை வரலாம், இது வேண்டாம்.
சரி என்றாள்.
ஞாயிறு பூசை முடிந்து அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு
சோம்பு மென்றபடி படியேறுவாள்.
என்ன சாப்பாடு என்று நான் கேட்டதில்லை.
சோம்பு நல்ல வாசனை என்று மட்டும் ஒருமுறை சொன்னேன்.

இப்போது உள்ளே தூங்குகிறாள்.
கோரிமேட்டில் இரவு டூட்டி, காலையில் மழையில் நனைந்த பஸ்,
ஏசியைப் பதினெட்டில் வைத்து, காலோடு தலை போர்வை.
என் பள்ளிக்கூட வேனுக்கு
இரண்டே முக்கால் வரை வேலையில்லை.

உருகட்டும் என்று வெளியே வைக்கலாம்.
நாலு மணி நேரம் ஆகும்.
அதற்குள் என் மனசு உறைந்துவிடும்.

தீபாவளிச் சீட்டில் விழுந்த ஏர் ஃப்ரையர்
இதுவரை அப்பளம் மட்டுமே பார்த்தது.
அதன் பிளக்குக்குக் கால் பெரிசு.
பதினாறு ஆம்ப் பாயிண்ட் இந்த வீட்டில் ஒன்றுதான்,
அது ஏசிக்கு.
ஆகவே
கறியும் பெட்டியும் நானுமாக
படுக்கையறைக்குள் பூனை நடையில் போனோம்.
ஏசியை நிறுத்தினேன்.
அறை ஒரு பெருமூச்சு விட்டது. அவள் விடவில்லை.

உப்புப் போட்டேன், நிற்கவில்லை.
மிளகுத்தூள் ஐஸில் சறுக்கிக்கொண்டு ஓடியது.
சரி, முதலில் ஐந்து நிமிஷம் சும்மா காயட்டும்.
ஐந்தாவது நிமிஷம் மேல்தோல் வேர்த்தது,
எண்ணெய் தடவினேன், இப்போது உப்பு ஒட்டியது.
இருநூறு டிகிரி.
பத்து நிமிஷத்தில் திருப்ப வேண்டும்.
சப்பாத்திக் கிடுக்கியை எடுத்தேன்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
வேறு கிடுக்கி இல்லை.

உள்ளே வெந்ததா என்று எப்படித் தெரியும்?
அவள் கைப்பையில் ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர்.
செருகினேன்.
நாற்பத்திரண்டுக்கு மேல் அதற்குப் பாடமில்லை,
கீச்சென்று கத்தி இறந்துபோனது.

அந்தக் கீச்சுக்குத்தான் எழுந்தாள்.
இல்லை, புழுக்கத்துக்கு.
இல்லை, அந்த வாசனைக்கு:
நெய் கருகுவது போல,
இரும்பு நனைந்தது போல,
எனக்குப் பெயர் தெரியாத ஒன்று.

கழுத்து வேர்வையைத் தலையணையில் துடைத்தாள்.
பெட்டியைப் பார்த்தாள். கிடுக்கியைப் பார்த்தாள்.
என்னை மட்டும் பார்க்கவில்லை.
சண்டைக்கு எத்தனை வாக்கியம் தயாராய் இருக்கும்
என்று நான் எண்ணிக்கொண்டிருக்க,

"திருப்பிப் போட்டியா?" என்றாள்.

போட்டேன்.

கட்டிலிலேயே தட்டு. பழம் நறுக்கும் கத்தி.
ஓரம் கருஞ்சிவப்பு, அடுத்து ரோஜா,
நடுவே ஒரு ரூபாய் அளவுக்கு
இன்னும் ஆகஸ்டு மாதம்.
விரல் வைத்துப் பார்த்து "ஜில்லுன்னு இருக்கு கொழுந்து" என்றாள்.
பல வருஷத்துக்குப் பிறகு
முழுப் பெயரில் பாதியைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

இன்னும் நாலு நிமிஷம்.
ஏசி இல்லை, ஜன்னலுக்கு வெளியே முத்தியால்பேட்டை மழை.
டாக்டர் வரக் காத்திருக்கிற உறவுக்காரர்கள் மாதிரி
இருவரும் வேர்த்து வழிந்தபடி
அந்தக் கறுப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மணி அடிக்க அரை நிமிஷம் இருக்கும்போது
சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"பட்டாணிப் பாக்கெட்டுக்கு அடியில
இன்னொண்ணு இருக்கு."