விலக்கப்பட்டவை: இரண்டு

ஆய்வேட்டின் அறுபத்தெட்டாம் பக்கத்தில்
ஒரு வரி இருக்கிறது.
மொத்தம் அறுபத்து நான்கு,
விலக்கப்பட்டவை இரண்டு.
காரணம்: நெறிமுறை மீறல்.

மீறியவள் பெயர் சீனி ஆமினா.
ஊர் திருப்பாலைக்குடி,
கடலுக்கு முதுகு காட்டிய மூன்றாவது வீடு.

அந்தக் கரையில் மாடுகள் வலை தின்னும்.
பசியால் அல்ல.
வைக்கோல் கிடக்கும்போதே எழுந்துபோய்
கிழிந்த நைலானை மெல்லும்,
சிப்பி கடிக்கும்,
கொடியில் காயும் லுங்கியின் ஓரத்தைச் சப்பிக்கொண்டு
கண்ணை மூடி நிற்கும்.
உவர்த் தண்ணீர், சீமைக்கருவேலங்காய், வெளுத்த மண்.
ரத்தத்தில் பாஸ்பரஸ் குறைந்தால்
நாக்கு எதையோ தேடும் என்கிறது பாடம்.
எதை என்று நாக்குக்குத் தெரியாது.

ஒரு பசுவின் இரைப்பையைத் திறந்து
தோள்வரை கைவிட்டேன்.
பதினொரு கிலோ வலை.
அதில் சிக்கியபடியே ஒரு நண்டுக்கால்.

அதன்பிறகுதான் இந்த ஆய்வு.
நீல நூல் கட்டிய பொட்டலம்,
வெள்ளை நூல் கட்டிய பொட்டலம்.
ஒன்றில் தாது உப்பு, ஒன்றில் நிறமேற்றிய தவிடு.
எதில் எது என்று எனக்கும் தெரியாது.
தெரியாமல் இருப்பதுதான் நேர்மை என்றார்
என் வழிகாட்டி, தேநீரை ஆற்றியபடி.

ஆமினா வீட்டில் ஒரு பசு, ஒரு எருமை.
காதில் 36, காதில் 37.
குலுக்கலில் பசுவுக்கு நீலம், எருமைக்கு வெள்ளை.
தொண்ணூறு நாள், மாற்றக் கூடாது.
கையெழுத்திட்டாள், தேதியோடு.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை போவேன்.
கழுத்து நரம்பில் ஊசி.
எருமை அசையாது.
அதன் கருந்தோலில் காய்ந்த கடல்
வெள்ளை வெள்ளைக் கோடுகளாய்,
யாரோ அழித்து அழித்து எழுதிய கணக்கு.
இடது விலாவில் முட்டியை அழுத்தி
இரைப்பை உருள்வதை எண்ணுவேன்:
இரண்டு நிமிடத்தில் மூன்று. நன்று.

மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் சும்மாவே தருவார்கள்.
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்
பெட்டியைத் தட்டி "என்ன மீனு?" என்பார்.
"எருமை" என்பேன்.
அதோடு பேச்சு நின்றுவிடும்.

அறுபதாம் நாள், சொல்லாமல் போனேன்.
வாசலில் ஒரே தொட்டி.
நீல நூலையும் வெள்ளை நூலையும் அவிழ்த்து
ஒரே தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள்.
மறைக்கவில்லை.

"ஒண்ணுல மருந்து இல்லேண்டு நீங்கதானே சொன்னீய.
எதுலண்டு உங்களுக்கே தெரியலேண்டா
நான் எதை நம்பி ஒண்ணை ஒதுக்கி வைக்க?"

எத்தனை நாளாக?

"மொத நாள்லேர்ந்து."

ஒப்பிட்டுப் பார்க்காமல் மருந்து இல்லை என்றேன்.
மோர்ப்பண்ணை மாட்டுக்கும், காரங்காட்டு மாட்டுக்கும்
சேர்த்துத்தான் இது என்றேன்.
கை ஈரத்தை முந்தானையில் துடைத்தபடி
கடைசிவரை கேட்டாள்.
"நல்ல காரியம்தான்.
எங்க ரெண்டையும் விட்டுட்டுச் செய்ங்க."

வழிகாட்டி ஒரே கோட்டில் அடித்தார்.
அவர் செய்தது சரி.
அவர் அடிக்காவிட்டால் நான் அடித்திருப்பேன்.

நீலம்தான் மருந்து.
மீதி அறுபத்திரண்டும் அதை நிரூபித்தன,
சைபர் புள்ளி சைபர் மூன்று என்ற எண்ணில்.
அடிபட்ட இரண்டின் ரத்தக் கணக்கு மட்டும்
என் பைக்குறிப்பேட்டில் இருக்கிறது:
ஆளுக்குப் பாதியாய் ஏறியிருந்தன.
இரண்டை வைத்துக்கொண்டு
எதையும் நிறுவ முடியாது.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன்.
எருமை கன்று ஈன்றிருந்தது.
சீம்பாலில் ஏலக்காய் போட்டுக் கொடுத்தாள்.
37 வலைக்குவியலை முகர்ந்து
தாண்டிப் போயிற்று.
36 நின்றது.
ஒரு நைலான் நுனியை நாக்கால் வளைத்து
என்னைப் பார்த்தபடியே மெல்லத் தொடங்கியது.

கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி
வாய்க்குள் கைவிட்டு இழுத்தேன்.

முழுதாக வரவில்லை.