ஆணி அடிக்கலாமா

"வீட்டைக் கட்டிப் பார்த்தாச்சு, இனி?" என்கிறாள் அக்கா, போனில்.
பழமொழியின் மறுபாதியை அவள் எறியும் முன்
நான் முந்திக்கொள்கிறேன்:
வாங்கினது, அக்கா. கட்டுவதெல்லாம்
மாதம் ஆயிரத்து நூற்று எழுபத்திரண்டு வெள்ளி,
முப்பத்தைந்து வருடம்.

கோல கெட்டிலுக்கு வெளியே
செம்பனையைச் சாய்த்துவிட்டுப் போட்ட தாமான்.
வரிசை வீடு, கடைசிக்கு முந்தியது.
மூன்று அறை,
பின்னால் ஒரு கோழி நின்று யோசிக்கும் அளவுக்கு மண்.
காற்று திரும்பினால் ஆலை நாற்றம்.
அந்த ஆலையில்தான் நான் எண்ணெயின் அமிலம் அளக்கிறேன்,
ஆகவே புகார் சொல்ல வாய் இல்லை.

பேங்க் உறையின் முதுகில் கணக்குப் போட்டேன்.
சம்பளம். மோட்டார் தவணை. அம்மாவின் மருந்து. தண்ணீர், கரண்ட்.
மிஞ்சிய எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு
உறையைக் கவிழ்த்து வைத்தேன்.
மறுநாள் ஆ ஹெங் கடைக் கண்ணாடியில் தாள் ஒட்டினேன்:
அறை வாடகைக்கு, பெண்கள் மட்டும்.

பெரிய அறை, உள்ளேயே குளியலறை, நானூற்று ஐம்பது.
நடு அறை முந்நூறு.
மிச்ச அறையில்
கட்டிலைக் குறுக்கே போட்டால் கதவு திறக்காது,
நெடுக்கே போட்டால் அலமாரி திறக்காது.
நெடுக்கே போட்டேன்.
உடுப்பெல்லாம் கூடையில்.

பெரிய அறைக்கு லிண்டா அனாக் ஜெராய்,
சரவாக், கிளினிக்கில் தாதி.
நடு அறைக்கு ஹஸ்லினா, கிளந்தான்,
கணக்கு டீச்சர், முதல் வேலை.
லிண்டா தனக்குப் பிடித்ததை ஞாயிற்றுக்கிழமை
டவுனிலேயே தின்றுவிட்டு வருவாள்.
மாட்டிறைச்சி விஷயத்தில் ஹஸ்லினாவும் அப்படியே.
யாரும் யாரிடமும் சொல்லவில்லை.
ஐஸ்பெட்டி தானாக அமைதியானது.

நான்தான் விருந்தாளிபோல் நடந்தேன்.
துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
பொதுக் குளியலறைக் கதவைக் காதால் பார்த்திருப்பேன்.
அந்தப் பக்கம் லிண்டாவுக்கு வெந்நீர் கொட்டும்.
ஹீட்டர் நான் போட்டது.

மூன்றாம் மாதம் ஹஸ்லினாவுக்குச் சம்பளம் வரவில்லை.
புது ஆளுக்கு அரசாங்கம் தாமதிக்கும் என்றாள்,
என் கண்ணைப் பார்க்காமல்.
பரவாயில்லை என்றேன்.
சொல்லிவிட்டு உள்ளே போய் இன்னொரு உறையைத் தேடினேன்.
பெட்ரோலை நிறுத்தி ஆலை பஸ்ஸில் போனேன் அந்த மாதம்.
வீட்டுக்காரி என்றால்
யாரும் கட்டாததைக் கட்டுபவள்.
பிறகு மொத்தமாய்க் கொடுத்தாள்,
ஒரு போத்தல் பூடுவும் சேர்த்து.
அதன் வாடை எனக்கு ஆகாது. இன்னும் மூடியோடு இருக்கிறது.

ஒரு ராத்திரி என் கதவில் தட்டல்.
லிண்டா. கையில் சட்டம் போட்ட படம்.
பையன், ஆறு வயது இருக்கும், முன்பல் இல்லை.
அவளுக்கு மகன் இருப்பதே அப்போதுதான் தெரியும்.
"காக், சுவரில் ஆணி அடிக்கலாமா?"

யாரைக் கேட்டுச் சொல்வது என்று
ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் என் கட்டில்தான் இருந்தது.

எட்டு மாதம். நான் ஒரு ஆணி அடித்ததில்லை.
காலண்டர் மேசையில் படுத்துக் கிடக்கிறது.
முருகன் அரிசி வாளிமேல் சாய்ந்து நிற்கிறார்.
துளை விழுந்தால் பேங்க் வந்து விரல் விட்டுப் பார்க்கும் என்று
எந்த மூளையில் நினைத்திருந்தேனோ.

அடி என்றேன்.
சுத்தியலும் அவளிடமே இருந்தது.
நான்கு அடி.
ஹஸ்லினா எட்டிப் பார்த்தாள்.
பக்கத்து வீட்டுக்காரன் பதிலுக்குச் சுவரைக் குத்தினான்.
பையன் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து சிரித்தான்.

"இன்னொரு ஆணி இருக்கா?"

என் கட்டில்மேல் ஏறி நின்று அடித்தேன்.
கோணலாய் இறங்கியது. காரை உதிர்ந்து தலையணையில்.
மாட்ட எதையும் யோசித்து வைக்கவில்லை.
இப்போதைக்கு நடு அறையின் மாற்றுச் சாவி தொங்குகிறது.
நாளைக்கு ஐந்தாம் தேதி, பேங்க் நாள்.
முருகனை மறுநாள் பார்க்கலாம்.