மூன்று தடவை வந்த அடி

பைக்கால் ஏரி முழங்கால் தடிமனுக்கு உறைந்துவிட்டது.
வீட்டுப்பாடம்: ஒலியின் வேகம் காண்க.
அறுநூற்று நாற்பது மீட்டர் தள்ளி துகார்,
கையில் மீன்துளை போடும் கடப்பாரை.
குல்லாயை விலக்கிப் படுத்திருக்கிறாள் செசெக்மா,
ஒரு காது பனிக்கு, மறு காது காற்றுக்கு.

கடப்பாரை இறங்குவது தெரிகிறது. சத்தமில்லை.
என்ன இது என்று நினைப்பதற்குள்
தாடை எலும்பில் ஒரு டொக்.
பனி சொல்லிவிட்டது.
பிறகு ஒன்றுமில்லை.
துகார் மூக்கைத் துடைத்துக்கொள்கிறான்.
அப்புறம்தான் காற்று, மூச்சிரைக்க,
அதே அடியைக் கொண்டுவந்து வைக்கிறது.

காற்றின் துகள்கள் தள்ளித் தள்ளி நிற்பவை,
ஒன்று போய் மற்றொன்றை முட்டினால்தான் சேதி நகரும்.
பனியில் எல்லாம் கைகோத்து நிற்கின்றன;
இங்கே இடித்தால் அங்கே அதிரும்.
ஒளிக்கு நடுவில் ஆளே வேண்டாம்.

கடிகாரத்தில் ஒன்று புள்ளி ஏழு நொடி.
வகுத்தாள். முந்நூற்று எழுபத்தாறு.
இந்தக் குளிரில் முந்நூற்றிருபதைத் தாண்டக் கூடாதே!
கையுறையைக் கழற்றிக் கட்டைவிரலை முறைத்தாள்.
எண்ணை அழிக்கவில்லை. ஓரத்தில் எழுதினாள்:
‘விரல் விறைத்தது. பிந்தி அமுக்கினேன்.’

இதற்குள் காற்று திசை மாறிவிட்டது.
துகார் கத்தியது எதுவும் வந்து சேரவில்லை.
காத்துப் பார்த்தவன் ஒரு கல்லை விட்டெறிந்தான்.
பனித்தகடு வளைந்து துடிக்க,
கீச்சுக் குரல்கள் முந்தி ஓட,
கட்டைக் குரல்கள் பின்தங்கி வர,
விழுந்த கல்
பெயர் தெரியாத பறவையாக
அவள் காதுக்கடியில் கூவிப் போனது.

“இன்னொரு தடவை!”
காற்று இப்போது அவள் பக்கம்.
இரண்டு நொடி.
அவன் கை உயர்கிறது.