திருப்புதல்

காலை பத்து மணிக்குப் பரீட்சை.
இப்போது ஒன்றேகால்.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு,
கட்டில் நாற்பது, பாயில் ஒன்பது பேர்,
ஸ்டாஃப் நான் ஒருத்தி.
மருந்து டிரேக்கு அடியில்
மூன்று பேர் படித்து நைந்த புத்தகம்.

இதயச் செயலிழப்பு.
'தினமும் எடை பார்க்கவும்:
அதே நேரம், அதே தராசு, அதே உடை.'
எங்கள் தராசுக்கு ஒரு கால் குட்டை.
மாத்திரை அட்டைப்பெட்டியை நாலாய் மடித்து
முட்டுக் கொடுத்திருக்கிறோம்.
'அதே அட்டை' என்று
ஓரத்தில் பென்சிலால் சேர்த்துக்கொள்கிறேன்.

பதினொன்றாம் கட்டில் வேலாண்டி,
மானூர்ப் பக்கம் குளத்தில் மடை திறக்கிறவர்.
கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால்
எட்டு எண்ணும் வரை குழி மூடாது.
நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான் தண்ணீர் என்றதும் சிரித்தார்:
"முந்நூறு ஏக்கருக்கு நான் அளந்து விட்டேன்.
இப்ப எனக்கு நீ அளந்து விடுதியோ?"

உள்ளே போனது ஒரு பத்தி,
வெளியே வந்தது ஒரு பத்தி.
லாசிக்ஸ் போட்டால் மறுகால் பாயும்
(புத்தகத்தில் இப்படி இல்லை).
நேற்று தாளில் கணக்கு நேராக இருந்தது,
தராசில் மட்டும் ஒன்றரைக் கிலோ கூட.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவர் கழிப்பறைக் குழாய்ப் பக்கம் பார்த்தார்.
டாக்டருக்குப் போன் போட்டேன்.

லாசிக்ஸ் பொட்டாசியத்தையும் அள்ளிக்கொண்டு போகும்;
இவருக்கு வாழைப்பழம் கொடுக்கலாம்.
பன்னிரண்டுக்குச் சிறுநீரகம் பழுது;
அவருக்கு ஆகாது.
நடுவில் ஸ்டூல் போட்டு
வேலாண்டி வீட்டம்மா,
மடியில் ஒரு சீப்பு கோழிக்கூடு.
"ஒண்ணு தின்னா என்ன செய்யும்? பாத்துக்கிட்டே இருக்காரு, பாவம்லா."
இதற்கு நாலு விடை கொடுத்தால்
எந்தக் கட்டத்தைக் கறுப்பாக்குவேன்?

மணி இரண்டு.
திருப்புதல் என்றால் பாடம் மட்டுமில்லை.
நாலாம் கட்டில் ஆசீர்வாதம், பக்கவாதம்.
இரண்டு மணிக்கு ஒரு தரம்
முதுகு, வலம், முதுகு, இடம்.
மகன் கீழே உறங்குகிறான்,
விடிந்தால் தென்காசி பஸ் ஓட்ட வேண்டும்.
எழுப்பவில்லை.
போர்வையைச் சுருட்டி முதுகுக்கு அண்டை கொடுக்கிறேன்.
குதிகாலில் சிவப்பு.
அழுத்தினால் வெளுக்கிறது;
வெளுத்தால் நல்லது,
தோல் இன்னும் சொல் கேட்கிறது.

மூன்றுக்குச் சற்று முன்
எல்லாம் ஒரே நேரத்தில்.
ஏழு, டிரிப் நின்றுபோச்சு என்று கத்துகிறார்.
பதினைந்து வாந்தி.
ஜன்னலடிப் பாயில் மீரான்கனி,
சத்தமே இல்லை.
'முதலில் எது?' என்றுதான் எந்தக் கேள்வியும் முடியும்.
நாலு விடையும் சரியாக இருக்கும்,
அதுதான் கொடுமை.

சத்தம் இல்லாத இடத்துக்கு ஓடினேன்.
சட்டை தொப்பல், தோல் சில்லென்று.
சாயங்காலம் இன்சுலின் ஏறியிருக்கிறது,
இட்லி வாங்கப் போன மச்சினன் வந்து சேரவில்லை.
விரலைக் குத்தினேன்: நாற்பத்தொன்பது.
"முழுங்க முடியுதா?"
தலையசைத்தார். எச்சிலை விழுங்கிக் காட்டினார்.
கட்டன்சாயாவுக்கு நான் வைத்திருந்த சீனி
நாலு ஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில்.
பிறகு பதினைந்து நிமிடம்.
அதற்குள் டிரிப்பும் வாந்தியும்.
மறுபடி குத்தினேன்: எண்பத்திரண்டு.
"எந்தூரு நீங்க?" என்று கேட்டார்,
முழித்துக்கொண்ட ஆள்
கேட்க வேண்டிய கேள்வி.

நாலு மணிக்கு ஆசீர்வாதத்தைத் திருப்பிவிட்டு
புத்தகத்தை எடுத்தால்
சீனி சிந்திய பக்கத்தில் எறும்பு.
'அறிகுறிகள்' என்ற தலைப்பில்
சுற்றிச் சுற்றி வருகின்றன.
ஊதித் தள்ளவில்லை.
அந்தப் பாடம் எனக்கு முடிந்தது.

ஐந்தரை.
அதே நேரம், அதே தராசு, அதே கட்டம்போட்ட கைலி.
முள் ஒரு கிலோ இறங்கி நிற்கிறது.
"குழாய்ப் பக்கமே போகல தாயி," என்கிறார்,
கேட்காமலே.
குனிந்து பார்த்தேன்.
அட்டை சற்று விலகியிருந்தது.
அவரை இறங்கச் சொல்லி,
காலால் தள்ளி உள்ளே செருகிவிட்டு,
இன்னொரு தரம் ஏறச் சொன்னேன்.