சிவப்பு மூடி

வலக்கண்ணில் லாரித் தூசி.
கசக்கிக்கொண்டே இடக்கண்ணால் பார்த்தால்
செந்துளுவன் குலை மொத்தமும்
வெந்த சக்கைக்கொட்டை நிறம்.
"அழுகினதையா இறக்குறீரு?"
வடசேரிச் சந்தை கேட்க
ஞானதாசிடம் சண்டை பிடித்தேன்.
அவர் குலையைப் பார்க்கவில்லை,
என் கண்ணைப் பார்த்தார்.

ஒரு வாரமாகவே வலிதான்.
கண்ணை உருட்டினால்
பின்னால் ஒரு சாளைமுள்
கூடவே உருளும்.

நாகர்கோவில் டாக்டரம்மா
சொட்டுமருந்துக் குப்பியின் மூடியை நீட்டினார்.
"வலக்கண்ணுக்கு இது நூறு ரூபாய்ச் சிவப்பு,
இடக்கண்ணுக்கு எவ்வளவு தருவீங்க?"
இருபது வருசம் வாழைக்குலை விற்றவளிடம்
இப்படிக் கேட்டால் புரியாதா?
நாற்பது என்றேன்.
மனசில் முப்பதுதான்.

கண்ணில் குறையில்லையாம்.
பின்னே போகிற நரம்பில் வீக்கம்,
ஸ்கேனில் மூளைக்குள் அங்கங்கே வெள்ளை.
மல்டிப்பிள் ஸ்களீரோசிஸ் என்று
இரண்டு தடவை சொன்னார்.
நான் கேட்டது,
"குலை தூக்கலாமா?"

மூன்று நாள் டிரிப்.
வாயெல்லாம் செம்புக்காசு ருசி.
உறக்கம் வராத ராத்திரிகளில்
பழைய பற்று நோட்டுகளைக் கூட்டிப் பார்த்தேன்.
எவ்வளவு பேர் தரவேண்டியிருக்கிறது!

மாதம் இரண்டு ஆச்சு.
மூடி என் முந்தானை முடிச்சில்.
காலையில் வலக்கண்ணைப் பொத்தினால் எண்பது.
உச்சிவெயிலில் சந்தை சுற்றி வந்தால்
அறுபதுக்கு இறங்கிவிடும்,
வேர்வை ஆறினால் ஏறும்.
நூறு ஆகுமா என்று
டாக்டரம்மா சொல்லவில்லை,
நானும் வற்புறுத்தவில்லை.

லாரியில் இருந்தே ஞானதாஸ் கத்துகிறார்,
"விஜிலா, இன்னைக்கு என்ன ரேட்டு?"

குலைக்கா, கண்ணுக்கா என்று
கேட்டுவிட்டுத்தான் சொல்வேன்.