பாவக்காய்க்கு நாற்பத்தொரு பேர்

மூன்றாம் நாளாக
விடிகாலை நாலரைக்கு விழுகிறது சர்வர்,
முதல் தக்காளி லாரி
வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டுகிற நேரம் பார்த்து.

எட்டு ஜிபி. ஏழே முக்கால் நிறைந்தாயிற்று.
மெமரியில் இடமில்லாமல்
டிஸ்க்கின் ஓரத்தில் இறக்குவதும்
திரும்ப ஏற்றுவதுமாக
விலைப்பட்டியல் ஒரு பக்கம் திறக்க நாற்பது நொடி.

"ஆளு கூடிருச்சு, அதான்.
இன்னொரு எட்டு வாங்கிப் போட்ருங்க"
என்கிறார் மண்டிக்கார உதுமான் ராவுத்தர்.
ஆள் கூடவில்லை. எண்ணிவிட்டேன்.

போன மாதம் வேலையை விட்ட பிஜோய்
ராத்திரி ரெண்டுக்கு எல்லாவற்றையும் கொன்று எழுப்ப
ஒரு வரி எழுதிவைத்திருந்தான்.
பக்கத்தில் குறிப்பு: தொடாதே.
சோம்பேறி வைத்தியம் என்று
திங்கட்கிழமை நான்தான் அழித்தேன்.

பதிவேட்டில் ஒரு கொலை.
இடம் தீர்ந்தால் கெர்னல் சுற்றிப் பார்க்கும்,
அதிகம் பிடித்தவன் எவனோ அவனை வெட்டும்.
விசாரணை கிடையாது.
மூன்று நாளும் செத்தது டேட்டாபேஸ்.
தனக்கு விட்ட இரண்டு ஜிபிக்குள்
காலை மடக்கிப் படுத்திருந்த பிராணி.

தின்றவை வேறு.
பன்னிரண்டு ப்ராசஸ்கள்,
பிறக்கையில் அறுபது எம்பி,
பொழுது விடிவதற்குள் தலைக்கு நானூறு.

கணவாய்க் காற்று ஜன்னலை உதைக்கிறது.
எடைச்சீட்டுகளின் மேல்
அரைக்கிலோ படிக்கல்லை வைத்துவிட்டு
ஜெசிந்தா டீ ஊற்றுகிறாள்.
ஒரு ப்ராசஸின் வயிற்றை
அப்படியே ஃபைலில் கொட்டித் துழாவுகிறேன்.

பாவக்காய். பாவக்கா. பாகற்காய். பாகக்கா.
கைப்பக்க. கய்ப்பக்கா.
இங்கிலீஷ் எழுத்தில் மட்டும் பதினொரு விதம்.
நாற்பத்தொரு பேர்,
ஒவ்வொரு பேருக்கும் கீழே
அன்றைய மொத்த விலைப்பட்டியலும் புதுசாக ஒரு பிரதி.
இப்படியே முருங்கை. இப்படியே சேனை.
காலாவதி என்ற இடத்தில் ஒன்றுமில்லை.

வெறும் 'கசப்பு' என்றும் ஒரு தேடல்.
"கொழிஞ்சாம்பாறை தேவசி" என்கிறாள் ஜெசிந்தா,
"அவரு அதுக்கு மேல டைப் பண்ண மாட்டாரு."

இந்த கேஷை எழுதியவன் யார்?
தேதி பார்த்தேன்.
பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. நான்.
ரெண்டு மணி வரியின் தேதி
அதற்கு நாலு நாள் கழித்து.
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த ஆள்.

ஐந்நூறுக்கு மேல் வைக்காதே,
பத்து நிமிடத்தில் விட்டுவிடு என்று
இரண்டு வரி சேர்த்தேன்.
"அப்போ கைப்பக்கன்னு போட்டா வராதா?"
வரும். எல்லாப் பேரும் இனி பதினேழாம் நம்பர்.
"தேவசிக்கு?"
அவருக்கும்.

நாலரை. லாரி தாண்டியது.
கோடு மூன்றரை வரை ஏறி, அங்கேயே கிடக்கிறது.
ஐந்து மணிக்கும் கிடக்கிறது.
பிஜோய்க்கு எழுதத் தொடங்கி,
'அந்த ரெண்டு மணி வரி' என்பதோடு
போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பாவக்காய், கிலோ இருபத்தெட்டு.