இருபத்து மூன்றாம் தேதி வந்த புருஷன்

தனியாள் என்றால் வீடு தரமாட்டார்கள் என்று
ஒரு பொய் சொன்னேன்:
வீட்டுக்காரர் பட்டாளத்தில், லடாக்கில்.
பெயர் கேட்டார் நாகரத்னம்மா.
எதிர்ப்பக்கம் பலகையில் இருந்ததைப் படித்தேன்:
பெனடிக்ட்.
அது ஒரு டயர் கடை.

மத்திகிரியில் அந்த மாடியில் உட்கார்ந்துதான்
பழைய படங்களுக்குத் தமிழில்
வசன வரி எழுதுகிறேன்,
வரிக்கு நாலு ரூபாய்.
இந்த முறை வந்தது
உலகப்போர் நடக்கும்போதே எடுத்த
கறுப்பு வெள்ளைக் கிறிஸ்துமஸ்.
போர் அதில் எங்கும் இல்லை.
ஆணியில் ஒரு தொப்பி,
சர்க்கரைக்கு ரேஷன் சீட்டு,
சாப்பாட்டு மேசையில் யாரும் இழுத்து உட்காராத
ஒரு நாற்காலி.
மற்றதெல்லாம் கதவுகள்.
ஒருத்தி ஒளிய, ஒருத்தன் திறக்க,
தப்பான அறையில் சரியான ஆள்.
எல்லோரும் பொய் சொல்கிறார்கள்.
எல்லோருக்கும் மூன்றே நாள் விடுப்பு.
அவசரத்தில் சொன்னதை
ஆண்டவர்கூடக் கணக்கில் எழுதுவதில்லை போல.

நாயகி சொல்லும் டார்லிங்குக்குத்
தமிழ் தேடி ஒரு வாரம் போனது.
அன்பே என்றால் நாடகம்.
கண்ணே என்றால் தாலாட்டு.
கடைசியில்
"இந்தாங்க" என்று போட்டேன்.
உதட்டசைவுக்குப் பொருந்தியது.

இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம்
கீழே ஒரே சத்தம்.
பச்சைப் பெட்டி, ஒட்ட வெட்டிய முடி.
லீவு கிடைக்காத நண்பன் கொடுத்த பார்சலோடு
அடுத்த தெருவுக்குப் போகவேண்டியவன்
எங்கள் கேட்டில் நின்றிருக்கிறான்.
"லடாக்கா?" என்றிருக்கிறார் நாகரத்னம்மா.
ஆமாம் என்றதுதான் அவன் செய்த தப்பு.
நான் படியிறங்குவதற்குள்
ஆரத்தி சுற்றி முடிந்து
நெற்றியில் ஈரச் சிவப்போடு நிற்கிறான்.
என் முகத்தில் எதைப் படித்தானோ,
"பஸ் லேட்டு" என்றான், என்னிடம்.

"பெனடிக்ட் தம்பிக்கு டீயா காபியா?"
பாலக்கோட்டுப் பக்கம், பெயர் சேசுராசு,
இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.
"டீ" என்றான் பெனடிக்ட்.

மாடியில் வேறென்ன பேசுவது.
படத்தைக் காட்டினேன்.
விழும் பனியைப் பார்த்துச் சிரித்தான்.
"சோப்புத் தூளுங்க. இவ்ளோ வேகமா விழாது.
யாரும் முத்தம் கொடுக்கட்டும்னு காத்திருக்காது."
நான் பனி என்று எழுதியிருந்தேன்.
சன்னலுக்கு வெளியே
ஒருகாலத்தில் பட்டாளத்துக் குதிரைகள் மேய்ந்த வெளியில்
இறங்கிக்கொண்டிருந்ததும் அதே சொல்தான்.
பார்சலில் என்ன என்றேன்.
வால்நட், ஒரு குழந்தை ஸ்வெட்டர்.
நண்பன் எங்கே நிற்கிறான் என்றேன்.
அதற்கு மட்டும்
டீயை ஊதினான்.

நாற்காலிக் காட்சி வந்தது.
"கொஞ்சம் நிறுத்துங்க" என்றான்.
நிறுத்தினேன்.
திரையில் அத்தனை பேரும் வாய்திறந்த சிரிப்போடு
அப்படியே இருந்தார்கள்,
நாங்களும்.
பிறகு அவனே ஓடவிட்டான்.
அடுத்த நிமிடம் ஒரு வாத்து
பாதிரியார் மடியில் ஏறியது.
கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.
எந்தக் கண்ணீர் எதற்கு என்று
வசன வரியில் போட இடமில்லை.

பார்சல் கொடுக்கவேண்டும், கடைசி பஸ் பிடிக்கவேண்டும்.
"மறுபடியும் டூட்டியா, கிறிஸ்துமஸ் அதுவுமா?"
நாகரத்னம்மா அரசாங்கத்தைத் தெலுங்கில் திட்டினார்.
"அடுத்த லீவு எப்போ?"
ஏப்ரல் என்றேன் நான்.
ஜூன் என்றான் அவன், அதே மூச்சில்.
அவர் எங்கள் இருவரையும் பார்த்தார்,
டயர் கடையைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்
புளிச்சோறு கட்டிக் கொண்டுவந்து
என் கையில் வைத்தார்.

கேட் வரை போனேன்.
போகிறவனிடம் என்ன சொல்வது,
எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது.
"இந்தாங்க" என்றேன்.

வாங்கிக்கொண்டான்.
எவர்சில்வர் டப்பா, மூடியில்
நாகரத்னம்மாவின் பெயர் வெட்டியது.
திருப்பித் தரவேண்டும்.